மண் சொல்லும் சாட்சி

(உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கான பயிற்சி அரங்கில் ஆற்றிய உரை)



கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். வேதியியல் வகுப்பில் கடைசி வரிசையிலே அமர்ந்து நாடகக் காட்சி எழுதிக் கொண்டிருந்தவன். அப்படிப்பட்டவனை இங்கே நிறுத்தி, குரோமியம் பற்றிப் பேசு, பாதரசம் பற்றிப் பேசு என்கிறார்கள். பேசத்தான் போகிறேன். பட்டம் பெற்றவன் வீட்டுக் கிணறு எது, பெறாதவன் வீட்டுக் கிணறு எது என்று விசாரித்துக் கொண்டா நஞ்சு வருகிறது?

ஆலை ஒன்று மூடப்படுகிறது. சங்கு ஊதுவது நிற்கிறது. இயந்திரங்கள் ஏலத்துக்குப் போகின்றன. கூரைத் தகடுகளும் கழன்று போகின்றன. காவலுக்கு ஒருவர், கதவுக்கு ஒரு பூட்டு, வளாகம் நிறையக் கருவேல முள்! ஊரார் அதைப் பார்த்து என்ன சொல்கிறார்கள்? "ஆலை போயிற்று; இடம் சும்மா கிடக்கிறது" என்கிறார்கள்.

சும்மாவா கிடக்கிறது? அதைத்தான் இன்று உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன்.

இராணிப்பேட்டைக்கு வாருங்கள். தோல் தொழிலுக்குப் பேர் பெற்ற ஊர். தோல் பதனிடக் குரோமிய உப்பு வேண்டும். அந்த உப்பைத் தயாரிக்க, 1970-களிலே அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலை எழுந்தது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்பது அதன் பெயர். குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துச் சூளையிலே வறுப்பார்கள். வறுத்ததை நீரிலே கரைப்பார்கள். கரைந்தது சரக்கு, கரையாதது கசடு. சரக்கு சந்தைக்குப் போயிற்று. கசடு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை! ஆலையின் வளாகத்திலேயே குவிந்தது. எவ்வளவு? 2 லட்சம் டன்னுக்கும் மேலே! பத்து டன் ஏற்றுகிற லாரியிலே அள்ளினால் 20,000 நடை!

1995 வாக்கில் ஆலை நின்றது. ஆனால் மழை நின்றதா? மழை பெய்தது, கசடை நனைத்தது, மஞ்சள் நிற நீராய் மண்ணுக்குள் இறங்கியது. நிலத்தடி நீர் கெட்டது. கீழே பாலாற்றுப் படுகை. சுற்றிலும் கிணற்றை நம்பிய சிற்றூர்கள்!

குரோமியத்துக்கு இரண்டு முகம் உண்டு, தோழர்களே! மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் ஓரளவு சாது. மண்ணோடு ஒட்டிக் கொண்டு கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்டதோ கொடியது. நீரிலே கரையும், நீரோடு நடக்கும், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலிலே புற்றுநோயை விதைக்கும். குடிநீரிலே ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம், உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் எவை என்று பட்டியல் இட்டது. அணுஉலை வெடித்த செர்நோபில் அதிலே இருந்தது. நமது இராணிப்பேட்டையும் அதிலே இருந்தது!

சரக்குக்குச் சொந்தக்காரர் இருந்தார். கசடுக்குச் சொந்தக்காரரைக் காணோம். இலாபம் கணக்கிலே ஏறியது. நஞ்சு கிணற்றிலே இறங்கியது. கைவிடப்பட்ட ஆலை நிலம் ஒவ்வொன்றின் கதையும் இதுதான்.

"மூடி மறைத்து, மேலே மண் போட்டு, மனை பிரித்து விற்றுவிட்டால் போகிறது" என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு நாடகம் காட்டுகிறேன். நான் எழுதியது அல்ல. அமெரிக்காவிலே, நயாகரா அருவி நகரிலே உண்மையாக நடந்தது.

முதற்காட்சி. லவ் கால்வாய் என்று ஒரு பாதி வெட்டிய வாய்க்கால். ஹூக்கர் என்னும் இரசாயனக் கம்பெனி, 1942 முதல் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ 21,000 டன் கழிவை அதிலே கொட்டி மண்ணால் மூடுகிறது.

இரண்டாம் காட்சி. 1953. நகரத்துப் பள்ளி வாரியம் அந்த நிலத்தை வாங்குகிறது. விலை என்ன தெரியுமா? ஒரே ஒரு டாலர்! பத்திரத்திலே ஒரு வாசகம்: உள்ளே இரசாயனக் கழிவு இருக்கிறது, பின்னாளில் தீங்கு நேர்ந்தால் கம்பெனி பொறுப்பல்ல. படித்தார்கள், கையெழுத்திட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள்! சுற்றிலும் வீடுகள் எழுந்தன.

மூன்றாம் காட்சி. 1970-களின் பிற்பகுதி. வீட்டு நிலவறைகளில் கரிய நீர் கசிகிறது. குழந்தைகள் நோயுறுகிறார்கள். லோயிஸ் கிப்ஸ் என்ற ஒரு தாய் — விஞ்ஞானி அல்ல, வழக்கறிஞர் அல்ல — வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார். எந்த வீட்டிலே கருச்சிதைவு, எந்த வீட்டிலே பிறவிக் குறை என்று எழுதுகிறார், வரைபடத்திலே குறிக்கிறார். அறிவியலாளர் ஒருவரின் துணையோடு பார்த்தால், பழைய நீரோடைத் தடங்களின் வழியே நோய் வரிசையாக நிற்கிறது! வீட்டுப் பெண்கள் திரட்டிய கணக்கு என்று அதிகாரிகள் அலட்சியம் செய்தனர். ஆயினும் 1978 ஆகஸ்டில் அந்நாட்டுத் தலைவர் கார்ட்டர் நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டி வந்தது. 1980-லே சட்டம் பிறந்தது: கெடுத்தவனே துப்புரவுக்கும் பணம் கட்ட வேண்டும் என்று!

கடல் கடந்து போவானேன்? கொடைக்கானலைப் பாருங்கள். அமெரிக்காவிலே வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிய வெப்பமானி ஆலை, 1980-களில் நம் மலைமேல் வந்து அமர்ந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. உள்ளே பாதரசம். 2001 மார்ச்சிலே ஊர்மக்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் நகரத்துப் பழைய பொருள் கடை ஒன்றிலே என்ன கண்டார்கள்? பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, டன் கணக்கிலே! அதே ஆண்டு ஆலை மூடப்பட்டது. 2003-லே 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. 2016-லே முன்னாள் தொழிலாளர் 591 பேருக்காக உடன்பாடு ஏற்பட்டது. அதற்கு அவர்கள் 15 ஆண்டு காத்திருந்தார்கள். இவ்வளவுக்கும் முதற்புள்ளி எது? பழைய பொருள் கடையைக் கண் திறந்து பார்த்த ஊர்மக்கள்!

"சரி, கெட்ட நிலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?" என்று கேட்பீர்கள். வல்லுநர் வேலையை நாம் செய்ய முடியாது. ஆனால் வல்லுநர் செய்வது என்ன என்று தெரிந்து வைத்திருந்தால், நம் கண்ணிலே மண் தூவ எவராலும் முடியாது.

முதற்படி, மண்வெட்டி அல்ல, காகிதம்! பழைய உரிமங்கள், வரைபடங்கள், விபத்துப் பதிவுகள். அங்கே வேலை செய்த முதியவரிடம் கேள்வி: "ஐயா, கழிவுத் தொட்டி எங்கே இருந்தது? இரவிலே வண்டி எந்தப் பக்கம் போகும்?" அந்த முதியவரின் நினைவை எந்தக் கோப்பும் ஈடு செய்யாது.

இரண்டாம் படி, துளையிட்டு மண்ணெடுப்பது. கிணற்று நீர் எடுப்பது. எத்தனை அடி ஆழம், எந்தத் திசையில் நீர் நகர்கிறது, எவ்வளவு நஞ்சு என்று சோதனைச்சாலை சொல்லும். சுத்தமான மூலையிலே நான்கு பிடி மண் எடுத்து, "ஆபத்தில்லை" என்று எழுதினால் அது ஆய்வு அல்ல, ஒப்பனை! எங்கே எடுத்தார்கள் என்பதைப் பார்ப்பது நம் வேலை.

மூன்றாம் படி, நஞ்சு மனிதனைத் தொடும் வழி எது என்று காண்பது. குடிநீரா, புழுதியா, மீனா, குழந்தை விளையாடும் மண்ணா? வழியை அடைக்கலாம், அல்லது நஞ்சையே அகற்றலாம். அறு இணைதிறன் குரோமியத்தை இரும்பு சல்பேட்டு கொண்டு சாதுவான வடிவுக்கு மாற்றலாம். பாதரச மண்ணைக் கழுவலாம். சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கிப் பிடிக்கலாம். வழி இல்லாமல் இல்லை. செலவு யாருடையது என்பதிலேதான் வழக்கு!

நான்காம் படியிலே விழிப்பாய் இருங்கள். "எந்த அளவுக்குச் சுத்தம்?" என்பது அந்தக் கேள்வி. கொடைக்கானலில் ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்றது ஒரு தரப்பு. 1 மில்லிகிராம்தான் என்றது மறு தரப்பு. எண் விளையாட்டு அல்ல இது. கீழே சோலைக்காடு; அதன் நீர் சமவெளிக்கு இறங்குகிறது. அந்த எண்ணை யார், எந்த அறையிலே அமர்ந்து எழுதுகிறார்கள் என்று கேட்கும் உரிமை அந்த நீரைக் குடிப்பவனுக்கு உண்டு.

"கேள்வி கேட்டுக் கொண்டே இருந்தால் வேலை வாய்ப்பு எப்போது வரும்? நிலம் எப்போது பயன்படும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. மாசுபட்ட நிலத்தைப் பூட்டி வைத்துவிட்டு, நல்ல நஞ்சை நிலத்தை ஆலைக்கு எடுப்பது அறிவுடைமை அல்ல என்று நானும் சொல்வேன். ஆகவே பதிலுக்கு ஜெர்மனிக்கு வாருங்கள். டூயிஸ்பர்க் நகரிலே ஓர் இரும்பு உருக்காலை 1985-லே மூடப்பட்டது. இடிக்கவில்லை, மனை பிரிக்கவும் இல்லை. ஆராய்ந்தார்கள். மிகக் கெட்ட மண்ணைப் பழைய கிடங்குகளுக்குள்ளே வைத்து மூடினார்கள். மிதமாகக் கெட்ட இடத்திலே மரம் வளர விட்டார்கள். 1994-லே அது மக்கள் பூங்காவாகத் திறக்கப்பட்டது. எரிவாயு தேக்கிய பெருங்கலத்திலே இன்று நீர் நிரப்பி, முக்குளிக்கப் பழகுகிறார்கள்! நிலத்தின் நோயை முதலில் அறிந்தார்கள். அதற்கேற்ற வேலையைப் பிறகு கொடுத்தார்கள். வரிசை அதுதான். நாமோ முதலில் அடிக்கல், பிறகு கட்டடம், கடைசியிலே கண்ணீர் என்று தலைகீழாகப் போகலாமா?

நம் நாட்டிலும் 2025 ஜூலையிலே மாசுபட்ட இடங்களுக்கென்றே விதிகள் வந்துள்ளன. நாடெங்கும் 103 இடங்கள் இனங் காணப்பட்டதாகவும், 7 இடங்களிலேதான் சீரமைப்பு தொடங்கியதாகவும் அப்போது செய்தி வந்தது. 103-க்கு 7! அந்த விதிகளின்படி, ஐயத்துக்குரிய இடங்களின் பட்டியலை ஆண்டுக்கு இருமுறை தரவேண்டியவர் யார்? மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சி அமைப்பும்! அதன்பின் 90 நாளில் மாநில வாரியம் முதல் ஆய்வு செய்ய வேண்டும். ஐயம் உறுதியானால் அடுத்த 90 நாளில் விரிவான ஆய்வு. கெடுத்தவரைக் கண்டறிந்து செலவை அவரிடம் வாங்க வேண்டும். சட்டம் தூங்காது என்று நான் சொல்லவில்லை. தட்டி எழுப்பும் கோல் உங்கள் கையிலே இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஆகவே ஊருக்குத் திரும்பியதும் மூன்று வேலை செய்யுங்கள். பூட்டிக் கிடக்கும் ஆலைகளையும் பட்டறைகளையும் கிடங்குகளையும் ஒரு நோட்டிலே எழுதுங்கள். அங்கே உழைத்த முதியவர்களின் வாய்மொழியை, அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். அந்த இடத்திலே பள்ளி என்றோ குடியிருப்பு என்றோ தீர்மானம் வந்தால், கை தூக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மண் ஆய்வு எங்கே?"

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? மலிவான நிலம் என்று சொல்லி அங்கே குடியேற்றப்படுவது செல்வர் அல்லர். புறம்போக்கிலிருந்து பெயர்க்கப்பட்டவர், வாடகை கொடுக்க வழியற்றவர், அதே ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். உழைத்தபோது மூச்சிலே நஞ்சு. ஓய்ந்தபோது முற்றத்திலே நஞ்சா?

மண் ஊமை அல்ல, தோழர்களே! துளையிட்டுக் கேட்டால் சாட்சி சொல்லும். ஆனால் சாட்சியைக் கூண்டுக்கு அழைக்க ஓர் ஆள் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஆள் நீங்களாக இருங்கள்!