‘காயின்’ என்கிறார்களே, அது என்ன?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கணக்காளர் பேசியது)



போன மாதம் நம்ம குழு ஒன்றில் ஒரு அக்கா ஐம்பதாயிரம் உள்கடன் கேட்டாங்க. எதுக்குன்னு ஊக்குநர் கேட்டதுக்கு, “செல்போன்ல காயின் வாங்கணும், ஆறு மாசத்துல ரெட்டிப்பாகுமாம்”னு சொன்னாங்க. அது சரியா தப்பான்னு சொல்ல யாருக்கும் தெரியலை. கடனை நிறுத்தி வெச்சிருக்காங்க. தெரியாத வார்த்தையைக் கேட்டாலே நாம வாயடைச்சுப் போறோம். அதனால அந்த வார்த்தைகளை இன்னிக்கு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதலில் பிளாக்செயின். நம்ம குழுவில் பேரேடு ஒண்ணுதான். அதே பேரேடு பன்னிரண்டு உறுப்பினர்கிட்டேயும் இருந்தா எப்படி இருக்கும்? ஒருத்தர் தன் நோட்டைத் திருத்தினா, மத்த பதினோரு நோட்டும் காட்டிக் கொடுத்துடும். அதில் ஒரு பக்கம்தான் ‘பிளாக்’. ஒவ்வொரு பக்கத்திலும் முந்தின பக்கத்தோட அடையாள எண் இருக்கும். பழைய பக்கத்தில் ஒரு எழுத்தை மாத்தினாலும் அந்த எண் மாறிடும், பின்னால் வர்ற பக்கங்கள் பொருந்தாது. இப்படிச் சங்கிலியாகக் கோத்த பேரேடுதான் பிளாக்செயின். அதை உலகம் முழுக்கப் பல கணினிகள் வெச்சிருக்கு.

அடுத்து பிட்காயின். 2008-ல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வந்த கட்டுரையில் இதைச் சொன்னாங்க. 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கையில் பிடிக்கிற காசு இல்லை, அந்தப் பேரேட்டில் இருக்கிற வரவுதான். மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் வராது. புதுப் பக்கம் எழுதக் கணினிகள் போட்டி போடும். ஜெயிச்சவருக்குக் கூலியாகப் புதுக் காயின் கிடைக்கும். இதுக்குப் பேர் ‘மைனிங்’.

‘வாலெட்’ என்பது அந்த வரவைத் திறக்கிற ரகசியச் சாவியை வைக்கிற இடம். சாவியைத் தொலைச்சா திருப்பித் தர மேனேஜர் கிடையாது. சொல்லிட்டா, கேட்டவர் எடுத்துடுவார்.

இதன் விலை நிலையா இருக்காது. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 68,000 டாலரைத் தாண்டியது. 2022 நவம்பரில் 17,000 டாலருக்கும் கீழே போச்சு. அதாவது ஒரு லட்சம் போட்டவருக்குக் கால் லட்சம்தான் மிஞ்சும்.

“அரசாங்கம் வரி வாங்குதே, அப்போ நல்லதுதானே?”ன்னு கேட்பாங்க. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்மைதான். ஆனால் இது நம்ம நாட்டில் சட்டப்படி செல்லும் பணம் இல்லை. வங்கியில் போட்டா 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, இதுக்கு அது கிடையாது.

இன்னொரு விஷயம். காயின்னு பேர் வெச்சதெல்லாம் காயின் ஆகாது. 2014-ல் ‘ஒன்காயின்’ என்று ஒண்ணு வந்தது. பல்கேரியாவில் இருந்து ரூஜா இக்னாதோவா என்ற பெண் நடத்தினார். ஆள் சேர்த்தா கமிஷன்னு சொல்லிப் பல நாடுகளில் வித்தாங்க. கடைசியில் பார்த்தால் அதுக்கு உண்மையான பிளாக்செயினே இல்லை. மக்கள் போட்டது சுமார் 400 கோடி டாலர். அந்த அம்மா 2017-ல் தலைமறைவானார். கூட்டாளிக்கு 2023-ல் அமெரிக்காவில் 20 வருட சிறைத் தண்டனை கிடைத்தது.

அதனால் யார் வந்து சொன்னாலும் மூணு கேள்வி கேளுங்க. பேரேடு எங்கே, நான் பார்க்கலாமா? ஆள் சேர்த்தாத்தான் பணமா? விலை விழுந்தா யார் பொறுப்பு? ரெட்டிப்பு நிச்சயம்னு சொன்னா, அங்கேயே எழுந்து வந்துடுங்க. ஏமாந்துட்டா வெட்கப்படாம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.

சொந்தப் பணம் அவங்கவங்க விருப்பம். குழுப் பணம் பன்னிரண்டு பேரோட வியர்வை. வாராவாரம் சேர்த்த காசு அது. அந்த அக்கா கேட்ட கடனை அடுத்த கூட்டத்தில் எல்லோரும் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிவெடுங்க. அவங்களைக் கேலி பண்ணாதீங்க. அவங்க கேட்டதாலதான் நாம எல்லோரும் இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டோம்.