பந்தியில் பழகும் பண்பாடு

(கட்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



2021 டிசம்பரில் உத்தரகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்தில், சுகிதாங் அரசுப் பள்ளியின் மதிய உணவுச் சமையலராகத் தலித் பெண் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் சமைத்த உணவை ஆதிக்க சாதி மாணவர்கள் உண்ண மறுத்தனர். அவர்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் சிறுவர் சிறுமியர். நியமன நடைமுறையில் குறை என்று காரணம் கூறி நிர்வாகம் அவரை நீக்கியது. அதன்பின் தலித் மாணவர்கள், ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர் சமைத்த உணவைத் தாங்களும் தொட மாட்டோம் என்றனர். நாடறிந்த செய்தியான பிறகே அந்தப் பெண் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார்.

அந்தச் சிறுவர்களில் ஒருவரும் மனுஸ்மிருதியைப் படித்திருக்க வாய்ப்பில்லை. பின் எங்கே கற்றார்கள்?

வீட்டில் கற்றார்கள். யாருக்குத் தனிக் குவளை எடுத்து வைக்கப்படுகிறது, கூலி கேட்டு வருபவர் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார், யார் தொட்டால் பாட்டி முகம் சுளிக்கிறார் என்பதையெல்லாம் குழந்தை வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. சரியாக நடந்தால் கொஞ்சல், தவறினால் அதட்டல். காரணம் கேட்கும் வயது வரும்போது வழக்கம் உடலில் இறங்கிவிடுகிறது. அது அருவருப்பாகவே உணரப்படுகிறது, கருத்தாக அல்ல. கிராம்ஷி பொதுப்புத்தி என்று ஆராய்ந்தது இத்தகைய படிவுகளைத்தான்.

ஒடுக்கப்படுபவரும் கற்கிறார். சதாரா பள்ளியில் படித்த காலத்தை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அவர் உட்காரும் சாக்கை அவரே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பள்ளியைப் பெருக்கும் ஊழியர்கூட அதைத் தொட மாட்டார். பள்ளிச் சேவகர் ஊற்றினால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லாமலே அந்த வகுப்பறையில் இரண்டு பாடங்கள் நடந்தன: ஒருவருக்கு ஒதுங்கி நிற்க, மற்றவர்களுக்கு ஒதுக்கி வைக்க.

படிப்பு பெருகினால் இது தானாக மறையும் என்பது எளிய நம்பிக்கை. பட்டதாரிகளின் மணமக்கள் தேவை விளம்பரங்களைப் பார்த்தாலே அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். 2011-12இல் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வில், ஏதோ ஒரு வகையில் தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாக ஏறத்தாழ 27 சதவீதக் குடும்பங்கள் தாமே ஒப்புக்கொண்டன. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து அப்போது அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

வழக்கத்துக்கு இணங்கிப் போவதற்குக் கூலி உண்டு என்பதே இதன் அடிப்படை. வேலை, கடன், பெண் கொடுத்தல், பிணம் தூக்க ஆள் - எல்லாம் சாதியின் வழியே வருகின்றன. மீறியவருக்கு ஊர்விலக்கு. குடிசையிலிருந்து எந்த நாளும் துரத்தப்படலாம் என்ற நிலையிலிருப்பவரிடம் துணிச்சலை மட்டும் போதிப்பது நியாயமாகாது. 1957இல் கேரளத்தில் பொறுப்பேற்ற கம்யூனிஸ்ட் அமைச்சரவை, சில நாட்களுக்குள்ளேயே குடிவெளியேற்றத்தைத் தடுக்கும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது நிலப் பிரச்சினை மட்டுமல்ல, பண்பாட்டுப் பிரச்சினையும்கூட.

அந்த மண்ணில் அதற்கு முன்பே உழைப்பவர்கள் வழி காட்டியிருந்தனர். திருவிதாங்கூரில் புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க ஆதிக்க சாதியினர் மறுத்தபோது, அய்யன்காளி தலைமையில் உழைப்பாளிகள் வயலில் இறங்க மறுத்தனர். பஞ்சமி என்ற சிறுமியை அவர் அழைத்துச் சென்ற ஊரூட்டம்பலம் பள்ளி எரிக்கப்பட்டது. ஆனாலும் பின்வாங்கல் இல்லை. 1917இல் செறாயியில் சகோதரன் அய்யப்பன், ஈழவரும் புலையரும் சேர்ந்துண்ணும் சமபந்தியை நடத்தினார். அவருடைய சொந்தச் சாதியினரே அவரை விலக்கி, ‘புலையன் அய்யப்பன்’ என்று ஏளனம் செய்தனர். அவரோ அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். நாவும் வயிறும் கற்றதை நாவையும் வயிற்றையும் கொண்டே, அதுவும் ஊரறியக் கூடி உட்கார்ந்துதான் மறக்க வைக்க முடியும் என்பதை அந்தப் பந்தி உணர்த்தியது. தனியறையில் ஒருவர் மனம் திருந்துவதால் ஊர் வழக்கம் அசைவதில்லை.

கட்சிக்குள்ளும் இதைப் பேசியாக வேண்டும். மாநாட்டுப் பந்தலில் எல்லோரும் ஒன்றாக உண்கிறோம். அதே உறுப்பினர் வீட்டுத் திருமணப் பேச்சு எந்த வட்டத்துக்குள் நடக்கிறது, வீட்டில் வேலை செய்பவருக்கு எந்தத் தம்ளர், பிள்ளைகள் யார் வீட்டில் சாப்பிட அனுமதிக்கப்படுகிறார்கள் என்று கேட்டால் அது சொந்த விஷயம் என்ற பதில் வருகிறது. அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டிருப்பது அந்தப் பதிலைத்தான். அப்பா மேடையில் பேசியதை அல்ல.

கிளைக் கூட்டங்களில் ரேஷன், வேலை உறுதித் திட்டக் கூலி ஆகியவற்றுக்கு அறிக்கை வைக்கப்படுகிறது. உள்ளூர்ப் பள்ளியில் சமைப்பவர் யார், குழந்தைகள் எப்படிக் கலந்து உட்காருகிறார்கள், தட்டு கழுவும் வேலை யார் பிள்ளைக்குத் தரப்படுகிறது என்பதும் அந்த அறிக்கையில் இடம்பெற வேண்டும். மதிய உணவு வேளையில் உறுப்பினர் ஒருவர் நேரில் சென்று அந்தப் பந்தியில் அமர்ந்து உண்டுவிட்டு வந்தால், அறிக்கை எழுதுவதும் எளிதாகிவிடும்.