மணல்வெளியும் வேலையிடம்தான்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெசன்ட் நகரில் நாம் நடைப்பயிற்சி போகும் கடற்கரையின் வடக்குப் பக்கம், அடையாறு முகத்துவாரத்துக்கு அருகே ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது. நம் கட்டடங்கள் வருமுன்பே இருந்த மீனவர் ஊர்.

வாடை, கொண்டல், கச்சான் என்று கடலோரத்தில் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் படகை இறக்குகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போதும் நமக்குப் புது மீன் கிடைப்பது இப்படிப்பட்ட சிறு ஃபைபர் படகுகளால்தான்.

நமக்குக் காலி மணலாகத் தெரிவது, அவர்களுக்குப் படகு நிறுத்த, வலை பழுதுபார்க்க, மீன் காயவைக்க வேண்டிய இடம். 'கடற்கரையை அழகுபடுத்துங்கள்' என்று நாம் மனு கொடுக்குமுன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்போம். விரித்திருக்கும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போவோம். நாம் வடிகாலில் விடும் பிளாஸ்டிக் பை, மழைநாளில் ஆற்றோடு போய் அவர்கள் வலையில்தான் சிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மீனைக் கரையிலேயே வாங்குங்கள். பேச்சும் பழக்கமும் அங்கிருந்து தொடங்கட்டும்.