மேசைக் கணினிக்கு ஒரு கண்

தொலைவிலுள்ளவரை முகம் பார்த்துப் பேசுவதற்கென ஒரு சிறு கண், மடிக்கணினியின் மூடியிலேயே பதிந்து வருகிறது. மேசைக் கணினிக்குப் பெரும்பாலும் அந்தப் பேறு இல்லை. தனியே ஒரு வலைக் காமிரா வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதே வீட்டு அலமாரியில், கைப்பேசி வந்த நாள் முதலாக எடுப்பாரின்றி ஒரு நல்ல டிஜிட்டல் காமிரா உறங்குவதும் உண்டு. அதையே கணினிக்குக் கண்ணாக்க இயலுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நேயர்களே, இது புதுமையான எண்ணமன்று. 1991-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தில், காப்பி தீர்ந்துவிட்டதா என்பதை இருக்கையை விட்டு எழாமலே அறிய விரும்பிய ஆராய்ச்சியாளர்கள், காப்பிப் பாத்திரத்தின் எதிரே ஒரு காமிராவை நிறுத்தினார்கள். சாதாரணக் காமிராதான், அதன் படத்தைக் கணினியில் செருகிய ஒரு பலகை பிடித்துக் கொடுத்தது. 1993-இல் இணையத்தில் ஏறிய அந்தப் படத்தை 2001 வரை உலகமே எட்டிப் பார்த்தது. சோம்பலும் சில வேளைகளில் விஞ்ஞானத்துக்குத் தாயாகிறது!

பெருந்தொற்றுக் காலமான 2020-இல் வலைக் காமிராக்களுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது கேனான், ஃபுஜிஃபில்ம், நிக்கான், சோனி முதலிய நிறுவனங்கள், தங்கள் காமிராக்கள் சிலவற்றை யு.எஸ்.பி. கம்பி வழியாகவே வலைக் காமிராவாக்கும் மென்பொருள்களை வெளியிட்டன. இத்தகைய துணையின்றிக் கம்பியை மட்டும் செருகினால், கணினி பல காமிராக்களை வெறும் படப் பெட்டகமாகவே கருதும். பழைய படங்களைக் காட்டுமேயன்றி எதிரிலிருப்பவரைக் காட்டாது. ஆகவே நம் காமிராவின் பெயர் அந்தப் பட்டியலில் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் எச்.டி.எம்.ஐ. வழி இருக்கிறது. காமிராவின் படத்தைக் கேப்சர் கார்டு என்னும் சிறு கருவி வாங்கிக் கணினிக்குத் தரும். கேம்பிரிட்ஜ் பலகையின் பேரப்பிள்ளை என்றே இதனைச் சொல்லலாம். சில காமிராக்கள் மின்கல அளவையும் குவியச் சதுரத்தையும் படத்தோடு சேர்த்தே அனுப்பிவிடும்; அவற்றை மறைக்கும் வசதி உண்டா என்று அறிந்த பின்னரே பணம் செலவிடுவது நன்று.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். அலுவலகக் கூட்டத்தில் தலையாட்டுவதற்கு மட்டுமானால் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் செவிப்புலன் குன்றியவர்களில் பலர் பேசுவோரின் இதழசைவைக் கொண்டே சொல்லைப் பற்றுகிறார்கள். சைகை மொழியாளருக்கோ விரல்களே நாக்கு. அங்கே படம் குழைந்தால் சொல்லே குழைந்துவிடும். முழுச்சட்டக் காமிராவின் ஒளியுணரி 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. வலைக் காமிராவினதோ சில மில்லிமீட்டரே. பரப்பு பெரிதானால் ஒளி மிகுதியாகச் சேரும். மங்கிய அறையிலும் முகம் தெளியும். ஆயினும் சைகை பேசுவோர் லென்ஸின் துளையைச் சற்றுச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அகலத் திறந்தால் முகம் தெளிந்து, முன்னே நீட்டிய கை மங்கிப்போகும். சன்னல் முதுகுக்குப் பின்னே இராமல் முகத்துக்கு நேரே இருப்பதும் அவசியம். இதற்குக் காசு செலவில்லை.

நெடுநேரம் ஓடினால் காமிரா சூடேறும். மின்கலமும் விரைவில் தீரும். மின்கலத்தின் இடத்தில் பொருத்தி, சுவர் மின்சாரத்தால் இயக்கும் போலி மின்கலங்கள் கடைகளில் கிடைக்கின்றன. தானே அணைந்துபோகும் ஏற்பாட்டையும் நிறுத்திவைக்க வேண்டும்.

ஒலிக்குத் தனி மைக்கை வைத்துக்கொள்வது நலம். ஆனால் படம் கணினியை அடையச் சற்றுப் பிந்துமாதலால், குரல் முந்தி உதடு பிந்துவதுண்டு. இதழைப் படிப்பவருக்கு இது பெருந்தொல்லை. காமிராவின் முன் ஒருமுறை கைதட்டிப் பதிவுசெய்து பாருங்கள். ஓசை முதலில் கேட்டுக் கைகள் பின்னர்ச் சேருமானால், அந்த இடைவெளி எவ்வளவோ அவ்வளவுக்கு ஒலியை மென்பொருளில் தாமதப்படுத்திவிட்டு, மறுபடியும் தட்டிப் பாருங்கள்.