அச்சாணியும் தார்ச்சாலையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘உழவும் பாதையும் கவிதையும்’ என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் மாதக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருப்பவள் நான். இங்கு வாசிக்கப்பெற்ற கவிதைகளை எண்ணிக் கணக்கிட்டவளில்லை. ஆயினும், மாட்டு வண்டி ஒன்று உருண்டு வராத கூட்டம் எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. மணியோசை கேட்கும், நிலவு காயும், வண்டிக்காரர் பாடுவார், இறுதியில் தார்ச்சாலை வந்து அனைத்தையும் அழித்துவிடும். இவ்வமைப்பின் மீது எனக்கொரு வழக்கு உண்டு. அதை உரைக்கவே இன்று நிற்கின்றேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

முதலில் பழம்பாடல்களின் வண்டியைக் காண்போம். முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பத்துப்பாட்டில் தோய்ந்திருந்த நாள்களில், கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வரும் உமணர் வண்டி என்னை வியப்பில் ஆழ்த்தியது. உப்பேற்றிச் செல்லும் அவ்வண்டியில் கோழி தங்கும் கூடு இருக்கிறது, உரல் இருக்கிறது, காடிக் கலயம் கட்டித் தொங்குகிறது. அவ்வண்டியை ஓட்டுபவள் யார்? கைக்குழந்தையுடைய ஒரு பெண். எருதுகளின் முதுகில் தட்டி ஓட்டுபவள் அவளே. நம் காலக் கவிதைகளிலோ பெண் கூண்டுக்குள் மணமகளாய் அமர்ந்திருக்கிறாள். அன்றேல் வரப்பில் நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாயிரம் ஆண்டில் நாம் முன்னோக்கித்தான் வந்திருக்கிறோமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒளவையார் புறநானூற்றில் உமணரின் முன்னெச்சரிக்கையைச் சொல்கிறார். எருதுகளோ இளையவை, பாரமோ மிகுதி, வழியில் பள்ளமும் மேடும் எப்படியிருக்கும் என்று எவர் அறிவார்? ஆகவே வண்டியின் அடியில் சேமஅச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். வள்ளுவரும் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சையும் பெருந்தேரின் அச்சாணியையும் உவமையாக்கினார். பழம்புலவர்கள் வண்டியின் அழகைவிட அதன் முறிவையே மிகுதியும் நினைத்திருக்கிறார்கள் என்பது நோக்கத்தக்கது. வண்டியைப் பயன்படுத்தியவர்களின் பார்வை அது.

இனி என் ஊருக்கு வருகிறேன். மன்னார்குடிக்குத் தெற்கே, காவிரியின் கடைமடைக்குச் சற்று முன்பாக இருக்கும் சிற்றூர். என் தந்தையார் மூன்று மா நிலம் உழுதவர். ஒரு வேலிக்கு இருபது மா என்பது தஞ்சைக் கணக்கு; ஆக எங்களது ஓர் ஏக்கர். ஒரே சோடி மாடுதான் உழுதது, பரம்படித்தது, களத்தில் போரடித்தது, வண்டியும் இழுத்தது. இதை நினைவிற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வருவேன்.

வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா கட்டும் நாள் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் திருவிழா நாள். குடம், ஆரக்கால், வட்டை எனத் தச்சர் சேர்த்து முடித்த சக்கரம் ஒருபுறம் கிடக்கும். மற்றொருபுறம் கொல்லர் இரும்புப் பட்டாவைத் தரையில் கிடத்தி, வட்டமாய் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார். பட்டா சக்கரத்தைவிடச் சற்றே சிறிதாக இருக்கும். பழுக்கக் காய்ந்ததும் விரிந்து கொடுக்கும். நாலு பேர் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் புகையும். உடனே குடங்குடமாய் நீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி வட்டைகளை இறுக்கும்போது சக்கரம் நெரியும் ஓசை எழும். அவ்வோசையைக் கேட்டே கட்டு சரியா, பிழையா என்று தச்சர் சொல்லிவிடுவார். வைக்கோற் கரியும் விளக்கெண்ணெயும் கலந்த வண்டி மையை அச்சில் தடவியபின்தான் கடையாணி ஏறும். தெப்பக்கட்டை, முளைக்குச்சி, பூட்டாங்கயிறு, நுகத்தடி — இச்சொற்களையெல்லாம் என் மாணவியரிடம் சொன்னால் நிகண்டுச் சொற்களோ என்று கேட்கிறார்கள். நுகத்தடி மட்டும் தேர்வில் வருவதால் பிழைத்திருக்கிறது!

இந்த வண்டியைத் தார்ச்சாலை அழித்துவிட்டது என்பதுதான் கவிஞர்களின் கட்சி. என் கருத்து வேறு. வண்டி சாலையில் மடியவில்லை, வயலில் மடிந்தது.

1934இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரிப் பாசனத்துக்கு ஒரு கால ஒழுங்கு அமைந்தது. சூன் 12 என்பது உழவர் வாயில் பண்டிகைத் தேதிபோல் வழங்கியது. 1965 அளவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி.27 என்னும் குறுகியகால நெல் வந்தது. அடுத்து 1966இல் பிலிப்பைன்சிலிருந்து ஐ.ஆர்.8 வெளிவந்தது. குறுவை அறுத்த வயலில் உடனே தாளடி நட்டாக வேண்டும். அறுப்புக்கும் நடவுக்கும் இடையில் கிடைப்பவை சில நாள்களே. ஒரு சோடி மாடு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது, டிராக்டர் இயலும். அன்றியும், நெட்டைச் சம்பாவின் நீண்ட வைக்கோல் போய்க் குட்டை இரகங்களின் குறுந்தாள் வந்தது; மாட்டுக்குத் தீனி சுருங்கியது. உழவைப் பறிகொடுத்த மாட்டை வண்டிக்காக மட்டும் ஆண்டு முழுவதும் வைத்துத் தீனி போட மூன்று மாக்காரரால் முடியுமா? 1991இல் என் தந்தையார் மாடுகளை விற்றார். அந்த ஆண்டு எங்கள் தெருவுக்குத் தார் வரவில்லை. செம்மண் பாதையே இருந்தது. வண்டி போன பிறகுதான் சாலை வந்தது.

பின்னர்க் கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தது. தலையடியும் போரடியும் மறைந்தன. களங்கள் மனைகளாயின. களமிழந்த நெல் தார்ச்சாலையில் காய்கிறது. இயந்திரம் அறுத்த நெல்லில் ஈரம் கூடுதல். கொள்முதலுக்கு 17 விழுக்காடு என்பது வரம்பு. ஐப்பசி மழையில் அதைக் காய வைக்க இடமேது? பாதிச் சாலையில் நெல், பாதிச் சாலையில் வண்டிகள். இருசக்கர வண்டியில் வருபவர் சறுக்கி விழுகிறார், உழவரையும் வைகிறார். வைக்கோலோ உருளையாய்ச் சுருட்டப்பட்டு லாரியேறிக் கேரளம் போகிறது.

சாலையை நான் குற்றமற்றதென்று சொல்ல வரவில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் சாலை உயர்ந்து வீடுகள் தாழ்ந்தன. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அன்று இரண்டு படி ஏற வேண்டும். இன்று ஒரு படி இறங்க வேண்டும். வடிகாலைச் சாலை கடக்குமிடத்தில் அகன்ற மதகுக்குப் பதிலாகக் குறுகிய குழாயைப் புதைத்தார்கள். கார்த்திகை வெள்ளத்தில் நீர் வடிய வழியின்றி இளம்பயிர் அழுகுவதை நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். இதைப் பாடிய கவிதை ஒன்றையும் நான் இங்குக் கேட்டதில்லை. குழாய் கவிதைக்கு ஏற்ற பொருளன்று போலும்.

இருப்புப்பாதையின் கதை தனிக்கதை, விரைந்து சொல்கிறேன். அந்நாளைய தஞ்சை மாவட்டக் கழகமே நிதி திரட்டி 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை பாதை அமைத்தது. மாயவரம் – தரங்கம்பாடிப் பாதை 1926இல் பிறந்து 1986இல் மூடப்பட்டது, இன்றளவும் திறக்கவில்லை. திருத்துறைப்பூண்டி – அகத்தியம்பள்ளிப் பாதையோ பல்லாண்டு மூடிக் கிடந்து 2023இல் அகலப்பாதையாய் மீண்டும் உயிர்பெற்றது. அகத்தியம்பள்ளி, வேதாரணியத்தின் உப்பளங்களை அடுத்த ஊர். 1930இல் உப்புக்காகத் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து வந்த மண் அது. முதல் நாள் அந்த வண்டியைப் பார்க்கச் சென்றபோது எனக்கு உமணர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். 1987 ஐப்பசி. எனக்கு வயது ஏழு. என் பெரியப்பா மகள், நாங்கள் பெரியக்கா என்றழைப்பவர், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தார். மூன்று நாள் அடைமழை. நள்ளிரவில் வலி கண்டது. மருத்துவச்சி கைவிரிக்கவே வண்டி கட்டினார்கள். பேருந்துச் சாலை ஆறு கிலோமீட்டர். வாய்க்கால் இறக்கத்தில் சக்கரம் குடம்வரை சேற்றில் இறங்கியது. மாடுகளை அடித்தார்கள், அச்சு முறிந்தது. எங்கள் வண்டியில் சேமஅச்சு இல்லை. கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். அக்கா பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டத்தில் வாசிக்கப்பெற்ற ஒரு நல்ல கவிதை, வண்டியோசையைத் தாலாட்டாக்கிப் பாடியது. உண்மையிலேயே நல்ல கவிதை, ஓசைநயம் குறைவற்றது. ஊருக்குச் சென்றபோது அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டவர், “நல்லாத்தான் எழுதியிருக்காரு. அவரு வண்டியில ஒக்காந்து போயிருப்பாரு போல. எனக்கு அந்தச் சத்தம் கேட்டா இன்னமும் அடிவயிறு கலங்குதும்மா” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் வண்டிக் கவிதை எதைக் கேட்டாலும், அதை எழுதியவர் வண்டியில் எவ்விடத்தில் இருந்தார் என்று தேடுகிறேன்.

1972இல் அரசு போக்குவரத்துக் கழகங்கள் தோன்றியபின் பெருஞ்சாலைகளில் பேருந்து பெருகியது. எனினும் எங்கள் ஊருக்கு அது எட்டவில்லை. 1997இல் சிற்றுந்துத் திட்டம் வந்தது. அவ்வாண்டுதான் நான் கல்லூரியில் சேர வேண்டிய ஆண்டு. எனக்கு முன் எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய பெண் இல்லை. அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஆறு கிலோமீட்டரை இருட்டுக்குள் நடக்க வீட்டார் விடவில்லை, அவ்வளவே. காலை ஏழே முக்காலுக்கு வாய்க்கால் மதகடியில் ஆரன் அடித்து நிற்கும் அந்தச் சிற்றுந்துதான் என்னை இம்மேடைக்கு ஏற்றிவிட்டது. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தபின், அறுவடை இயந்திரத்தால் வேலையிழந்த எங்கள் ஊர்ப் பெண்கள் அடுத்த ஊர்களுக்கு நடவுக்கும், நகரத்துத் துணிக்கடைகளுக்கும் சென்று வருகிறார்கள். அவர்களை வயலிலிருந்து வெளியேற்றியதும் ஓர் இயந்திரம். வேறிடம் கொண்டு சேர்ப்பதும் ஓர் இயந்திரம். இதில் அழவேண்டுமா, மகிழவேண்டுமா என்பதை அவர்களைக் கேட்டறிந்த பின்னரே நாம் எழுதத் தொடங்கலாம். கடைசிப் பேருந்தின் படிக்கட்டில் தூக்குச் சட்டியோடு நின்றபடி உறங்கும் ஒரு பெண்ணைப் பாட நம்மிடம் யாப்பு இல்லையா?

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. எங்கள் ஊர்த் தச்சருக்கு இப்போது எண்பதைக் கடந்த அகவை. உணவு விடுதிகளின் வாசலில் அழகுக்கு நிறுத்தச் சக்கரம் கேட்டு அவரிடம் வருகிறார்கள். உருளாத சக்கரத்துக்கு ஆரக்கால் எத்தனை இருந்தால் என்ன என்று சிரிக்கிறார். பூவரசை எந்த மாதத்தில் வெட்ட வேண்டும், குடத்துக்குக் கருவேலம் எத்தனை நாள் காய வேண்டும் என்பனவெல்லாம் அவர் நாவில் இருக்கின்றன. வட்டத்து இளைஞர் இருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு என்னுடன் வருவார்களாயின், வரும் ஞாயிற்றுக்கிழமையே அழைத்துச் செல்லச் சித்தமாயிருக்கிறேன்.

பெரியக்கா இன்று இவ்வவையில், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். எங்கள் ஊருக்கான கடைசிப் பேருந்து எட்டே காலுக்கு. நேரம் ஏழே முக்காலைத் தாண்டிவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைக் காட்டிச் சைகை செய்கிறார். ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன்.