பசும்புல் தரையில் பதியும் கால்தடம்
(செலாயாங்கில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



செலாயாங்கிலிருந்து ரவாங் செல்லும் வழியில், டெம்ப்ளர் பூங்காவை அடுத்துக் கோல்ப் திடல் ஒன்று உள்ளது. செல்வர்களின் விளையாட்டுத்தானே என எண்ணற்க. 1898-ஆம் ஆண்டில் கோபர்ன் ஹாஸ்கெல் என்னும் அமெரிக்கர் ரப்பர் இழையை இறுகச் சுற்றிப் பந்து செய்தார். அதன்பின் பல்லாண்டுகள் கோல்ப் பந்தின் உயிர்நாடியாக விளங்கியது நாம் சேகரிக்கும் பால்தான்.

குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டப்பட்ட புல்தரையைக் 'கிரீன்' என்பர். அங்கே பந்தை மெல்ல உருட்டிக் குழியில் வீழ்த்த வேண்டும். முன்னே சென்றவரின் கால்தடம் அப்பந்தைத் திசை திருப்புமா?

திருப்பும். விரைந்து செல்லும் பந்து சிறு மேடுபள்ளங்களைக் கடந்துவிடும். குழியை நெருங்கும்போதோ அதன் வேகம் தளர்கிறது. அப்போது சிறு மேடும் அதனை விலக்கிவிடும். குழியின் அகலம் 108 மில்லிமீட்டரே. ஆட்டக்காரர் பலரும் குழியின் விளிம்பை மிதியாது சற்றுத் தள்ளியே நிற்பர். அதனால் சுற்றிலும் தரை அமுங்கி, குழியோரம் மட்டும் சற்றே உயர்ந்து நிற்கும். நாசா ஆய்வு நிலையத்தில் முன்னர்ப் பணியாற்றிய டேவ் பெல்ஸ், சரிவுப் பலகையிலிருந்து பந்துகளை உருட்டிச் சோதித்து இதனை விளக்கினார். காலையில் சீராக இருந்த தரை, பலர் நடந்தபின் மாலையில் அவ்வாறு இராது. மழையில் நனைந்த மண்ணில் தடம் மேலும் ஆழமாகப் பதியும்.

முற்காலத்தில் காலணிகளின் அடியில் இரும்பு முட்கள் இருந்தன. அவை புல்லைக் கிளறின. 1990-களில் மென்மையான பிளாஸ்டிக் முட்கள் பரவின. ஆயினும், பந்து செல்லும் வழியிலுள்ள காலணித் தடத்தை ஆட்டக்காரர் சீர்செய்யப் பழைய விதி இடம் தரவில்லை. பிறர் செய்த பிழைக்குப் பின்வந்தவர் விலை கொடுத்தார். 2019 ஜனவரி 1 முதல் அத்தடத்தைச் சீராக்க விதி இசைவளித்தது.

தோழர்களே, இந்நீதி நாம் அறியாததா? இன்று ஒருவர் கத்தியை ஆழமாகப் பாய்ச்சி மரத்தைக் காயப்படுத்தினால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்கிறது. ஆண்டுகள் கழித்து அம்மரத்திற்கு வருபவரே அல்லலுறுகிறார். புல்தரையின் தடத்தை ஒரு நொடியில் சரிசெய்யலாம். மரத்தின் காயம் அத்தகையதன்று.

ஆகவே, காலை ஊன்றும் இடத்திலும் கத்தியை வைக்கும் இடத்திலும் நமக்குப் பின்னே வருபவரை நினைப்போமாக. அதுவே நல்ல ஆட்டக்காரருக்கும் நல்ல தொழிலாளருக்கும் அழகு.