நூறு கன்றுகளுக்குப் பதிலாக
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாக மட்டக்களப்பு வாவிக்கரையில் நூறு கண்டல் நடுவோம் என்று முன்மொழிந்தவள் நான்தான். அதைப் படித்துவரவே சிலாபத்தை அடுத்த பம்பலவுக்குப் போனோம். 2016இல் திறக்கப்பட்ட கண்டல் நூதனசாலை அங்கே இருக்கிறது.

தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும் கண்டல் நாற்றைக் கண்டதும் தாவரவியல் வகுப்பு ஞாபகம் வந்தது. சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக நிற்பவை கண்ணா மரத்தின் மூச்சுவேர்கள். நீர் வற்றும்போது அவற்றில் காற்றுப்பட வேண்டும். நீர் ஓயாமல் மூடி நின்றால் மரம் செத்துவிடும்.

இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை. பொருந்தாத கரையில் நட்டதும், பிறகு கவனிக்காததும்தான் பெரும்பாலும் காரணம். ஆழிப்பேரலைக்குப் பின் நட்டபோது எடுத்த படமொன்றில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். திரும்பிப் போய்ப் பார்க்கவேயில்லை.

ஆகவே என் பிரேரணையை மாற்றுகிறேன். கண்டல் தானாக முளைக்கும் கரைக்கு மாடு புகாமல் வேலி அடைப்போம். உயர்தரப் பிள்ளைகள் மாதமொருமுறை நீர்மட்டம் அளக்கட்டும். படமெடுக்க நூறு கன்றுகள் இருக்காது. கன்றுகளுக்கென்று வெளிநாடுகளிலிருந்து பணம் அனுப்பிய அக்காமார் இதற்குச் சம்மதம் தரவேண்டும்.